வியாழன் ஓய்வு

மார்ச் 7, வியாழன்

5.35க்கு டைம் ஆபீஸைத் திறந்தேன். முதல் ஷிப்டில் நாலு பேர் வரவில்லை. இரண்டு பேர் சொல்லிவிட்டு, இரண்டு பேர் சொல்லாமல். வருகைப் பதிவேடான மஸ்டரை எழுதி முடிக்க 11.30 ஆயிற்று. 12.15க்குச் சாப்பாடு. புளிச்சோற்றில் லோகநாயகி வேர்க்கடலை போட மறந்துவிட்டாள், அல்லது என் பல்வலிக்காகப் போடவில்லை.

1.26க்கு கேட் வாட்ச்மேன் சீனி ஓடிவந்தார். "அண்ணாச்சி, விலக்குல நம்ம ஆளு ஒருத்தரு லாரியில அடிபட்டுக் கெடக்காரு." இருவரும் போனோம். மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரியும் அந்த விலக்கு மில்லிலிருந்து முந்நூறு மீட்டர். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஸ்பின்னிங் இருளப்பன், டோக்கன் 418, வயது 34. தொட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. என் துண்டை எடுத்து முகத்தை மூடினேன். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் சீனி போன் செய்தார். 1.38க்கு நான் திரும்பிவிட்டேன். இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வரும் நேரம். ஆபீஸ் காலியாக இருக்கக் கூடாது. வருகை நேரம் அடிக்கும் கார்டுகளைச் சரிபார்த்தேன்.

இருளப்பனுக்கு வியாழன் வார ஓய்வு. மஸ்டரில் அவன் கட்டத்தில் காலையிலேயே 'ஓ' போட்டிருந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

பர்சனல் மேனேஜர் வரதராஜ் 9 மணிக்குக் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும். என்னைத் தனுஷ்கோடி சார் என்றுதான் சொல்வார். காரியம் ஆகவேண்டியிருந்தால் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, நேத்து அவனுக்கு என்ன?"

"ஓய்வு சார்."

"ஓய்வு. அவ்வளவுதான். இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை எதுவும் அனுப்ப வேண்டாம். வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாத்தான் அது நம்ம கணக்கு. ஓய்வு நாள்ல ரோட்டுல போறவன் எங்க போறான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மில் சார்பில் மாலை வாங்கிக்கொண்டு நானும் இரண்டு மேஸ்திரிகளும் இருளப்பன் வீட்டுக்குப் போனோம். பெண்சாதி பெயர் காளீஸ்வரி. ஒரே பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. கூட்டத்தில் காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் மாலையைப் போட்டுவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. புட்வால்வு போய்விட்டது. நாள் முழுக்க அதிலேயே கழிந்தது.

மார்ச் 18, திங்கள்

காளீஸ்வரி காலை 10.40க்கு வந்தாள். இறப்புச் சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் ஒழுங்காக வைத்திருந்தாள். எட்டாவது வரை படித்தவள். பாரங்களை நான் நிரப்ப, கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொன்றையும் படித்தாள். வேலையாட்களில் அப்படிப் படிப்பவரை நான் பார்த்ததில்லை.

"பி.எஃப். இது. இது அதோட சேர்ந்த இன்சூரன்ஸ். இது பணிக்கொடை."

"கொடைன்னா? கோயில் கொடை மாதிரியா அண்ணாச்சி?"

"பேருதான் கொடை. சட்டப்படி குடுத்தே ஆகணும்."

"குடுத்தே ஆகணும்னா அதுக்கு ஏன் கொடைன்னு பேரு வச்சாங்க?"

முப்பத்தோரு வருடமாக அந்த வார்த்தையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாரங்களின் மை காயும் வரை வெளியே நின்று பலகைகளைப் படித்தாள். டைம் ஆபீஸ் சுவரில் இரண்டு பலகைகள். இடது பக்கம் சட்டச் சுருக்கங்கள்: தொழிற்சாலைச் சட்டம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை, பேறுகால உதவி. தொழிலாளிகளின் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரிதோறும் நான்தான் புதிதாக எழுதுவேன். வலது பக்கம் 'நிர்வாகத்தின் நலத் திட்டங்கள்': பஸ், டீ, தீபாவளி இனிப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை, கருணை நிதி. அதன் அடியில் 'மேற்கண்டவை நிர்வாகத்தின் விருப்பத்திற்கு உட்பட்டவை' என்று ஒரு வரி. அதுவும் என் எழுத்துதான்.

"மாசாமாசம் இ.எஸ்.ஐ.ல ஒரு பணம் வரும்னு சொல்றாங்களே. ஆயுசுக்கும் எனக்கு வரும், பாப்பாவுக்குத் தனியா வரும்னு."

"அது வேலை சம்பந்தமா இறந்திருந்தா."

"வேலைக்குத்தான வந்தாக?"

"மஸ்டர்ல ஓய்வுன்னு இருக்கும்மா."

"மஸ்டர் யாரு எழுதுறது அண்ணாச்சி?"

"நான்தான்."

பலகைகளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எந்தப் பலகையில நாங்க இருக்கோம்?" என்று கேட்டாள். பிறகு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். 11.20.

மார்ச் 25, திங்கள்

மதியம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வெயிலுமுத்து வந்தான். ஸ்பின்னிங், இரண்டாம் ஷிப்ட். "அண்ணாச்சி, ஏழாம் தேதி நான் இல்லைல்ல, தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துன்னு போயிட்டேன்ல. என் கார்டுல வருகை விழுந்திருக்கு."

"விழுந்திருக்கு."

"யாராவது கேட்டா?"

"வந்தேன்னு சொல்லு. வேற என்ன சொல்லப்போற?"

"சொல்லீருவேன். ஆனா அன்னைக்கு இருளன் என் எடத்துக்குத்தான..." என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன். பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பாவம் அண்ணாச்சி. நல்லா வேலை பாக்குறவன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இந்த வழக்கத்தை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இங்கே எழுதினால் தப்பில்லை. மில்லில் இதற்கு மாத்துக் கார்டு என்று பெயர். ஒருவன் வரவில்லை என்றால் அந்த ஷிப்டுக்கு, ஓய்வில் இருக்கும் இன்னொருவனைக் கூப்பிடுவோம். அவன் வந்து, வராதவனுடைய கார்டில் வேலை பார்ப்பான். தாளில் வராதவன் வந்திருப்பான், வந்தவன் ஓய்வில் இருப்பான். அவர்களுக்குள் பிறகு சரி பண்ணிக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மாற்று ஓய்வு கொடுக்க வேண்டும், தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், இன்ஸ்பெக்டர் கேட்பார். மாத்துக் கார்டில் அதெல்லாம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்த வழக்கம். எனக்கு முன்னால் இருந்த டைம் கீப்பர் சொல்லிக்கொடுத்தார்.

கூப்பிட்ட ஆள் வந்து சேர நேரமாகும் என்பதால் கார்டை நானே முன்கூட்டி அடித்துவிடுவேன். அதுவும் வழக்கம்.

ஏப்ரல் 4, வியாழன்

காளீஸ்வரி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டாள். குழந்தையின் பள்ளி டீச்சர் எழுதிக் கொடுத்ததாம். விசாரணைக்கு அதிகாரி வருவதாக மில்லுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

வரதராஜ் கடிதத்தை என் மேஜையில் வைத்து, "அண்ணாச்சி பாத்துக்குவீங்க" என்றார்.

ஏப்ரல் 11, வியாழன்

அதிகாரி 10.15க்கு வந்தார். மெஹருன்னிஸா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். கூலிங் கிளாஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டார். டீ வேண்டாம் என்றார். மஸ்டர், கார்டுகள், ஷிப்ட் பட்டியல் மூன்றையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். வரதராஜ் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்கு ரெண்டாம் ஷிப்டுல ஸ்பின்னிங்ல ஆள் குறைச்சல் இருந்துச்சா?"

"இல்லை மேடம்."

"எல்லாரும் வந்திருக்காங்க."

"ஆமா மேடம்."

"இந்த வெயிலுமுத்து கார்டு 1.42க்கு அடிச்சிருக்கு. மத்தவங்க எல்லாம் 1.50க்கு மேல."

"சிலர் முன்னாடியே வந்துருவாங்க மேடம்."

அவர் 1.42 என்று குறித்துக்கொண்டார். நான் விலக்கிலிருந்து திரும்பியது 1.38. எதற்காக உடனே அந்தக் கார்டை எடுத்தேன் என்று இப்போது யோசித்தால் கைப்பழக்கம் என்றுதான் தோன்றுகிறது.

வெயிலுமுத்துவையும் கூப்பிட்டு விசாரித்தார். வந்ததாகச் சொன்னான். எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டான்.

பிறகு என்னிடம் திரும்பினார். "அந்தப் பொண்ணு சொல்றா, அன்னைக்குக் காலையில 11.40க்கு டைம் ஆபீஸ்லருந்து போன் வந்துச்சாம். புருஷன் போனுக்கு ரீசார்ஜ் பண்ணலைன்னு அவ போனுக்கே கூப்பிட்டீங்களாம். அவதான் எடுத்தாளாம்."

அலமாரி மேல் இருந்த மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் விட வேண்டும்.

"கூப்பிட்டேன் மேடம்" என்றேன்.

"எதுக்கு?"

"ஆதார் நகல் கொண்டுவரச் சொல்லி. அவர் ஃபைல்ல இருந்தது தெளிவா இல்லை."

"அதுக்கு ஓய்வு நாள்ல வரச் சொன்னீங்களா?"

"முடிஞ்சா வரச் சொன்னேன். கட்டாயம்னு சொல்லலை."

நகல் தெளிவாக இல்லை என்பது உண்மைதான். பிப்ரவரியிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

"அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொன்னா" என்றார் அதிகாரி. "'நகல் குடுக்கப் போறவுக எதுக்கு மேடம் சோத்து வாளி எடுத்துட்டுப் போறாக?'ன்னு கேட்டா. போலீஸ் எடுத்த பொருள் பட்டியல்ல சாப்பாட்டுப் பாத்திரம் இல்ல. ஆதார் நகலும் இல்ல."

அவர் சொல்லச் சொல்ல நானே வாக்குமூலத்தை எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் சொன்னார்.

வாளி அன்று விலக்கில் இருந்தது. இரண்டு அடுக்கு, பச்சை மூடி. முள்வேலி ஓரம் கிடந்தது. சீனியும் பார்த்தார்.

ஏப்ரல் 12, வெள்ளி

மின்விசிறிக்கு எண்ணெய் விட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

வரதராஜ் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இதற்கு முன் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. ஜூலை 31 எனக்குக் கடைசி நாள். அதற்கான தாள்களை இப்போதே தயார் செய்வதாகச் சொன்னார்.

"முப்பத்தோரு வருஷம். ஃபைல்ல ஒரு மெமோ கிடையாது. எனக்கே பொறாமையா இருக்கு அண்ணாச்சி."

"எல்லாம் உங்க ஆதரவு சார்."

"பொய்யா பதிவேடு எழுதினான், நிர்வாகத்துக்கு நஷ்டம் வந்துச்சுன்னு ஆயிட்டா பணிக்கொடையையே நிறுத்தி வைக்கலாம்னு சட்டத்துல இருக்கு, தெரியுமில்ல? நான் முன்ன இருந்த யூனிட்ல ஒருத்தருக்கு அப்படி ஆகி, பாவம், இன்னும் அலையுறாரு. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

வெயில் குறைந்தால் நல்லது என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசினோம்.

மே 6, திங்கள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் கஞ்சி.

சாயங்காலம் லோகநாயகி கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"எந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணுன்னா கேக்குறீக? அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் செவத்தப் பாத்துக்கிட்டுச் சொன்னீகள்ல, 'நான்தான் லோகு கூப்பிட்டேன், சாப்பிட்டுட்டு வாறேன்னான், சாப்பாடு கட்டிக்கிட்டு வந்துருடா நேரமாச்சுன்னேன்'னு. அவரு சம்சாரம், அந்தப் பொண்ணு."

"விசாரணை நடக்குது."

"விசாரிக்க என்ன இருக்கு? கூப்பிட்டீக, வந்தாரு. வாயத் தொறந்து சொன்னா முடிஞ்சு போச்சு."

"உனக்குப் புரியாது."

"ஆமா, எனக்குப் புரியாது. பல்லப் பிடுங்குனது உங்களுக்கு. எனக்கு வாய் நல்லாத்தான் இருக்கு. வேணும்னா நான் போய்ச் சொல்லட்டா?"

ராத்திரிக் கஞ்சிக்கு முன்பே உட்கார்ந்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். மாத்துக் கார்டு என்றால் என்ன, ஏழாம் தேதி 11.40க்கு எதற்காகக் கூப்பிட்டேன், வெயிலுமுத்துவின் கார்டை 1.42க்கு அடித்தது யார், ஏப்ரல் 11இல் கொடுத்த வாக்குமூலத்தில் எது பொய். எல்லாம் வரிசையாக. உறையில் போட்டு முகவரி எழுதி, கைப்பையில் வைத்தேன்.

லோகநாயகியிடம் காட்டினேன். "ஒட்டியாச்சா?" என்றாள். ஒட்டிக் காட்டினேன்.

மே 7, செவ்வாய்

தபால் பெட்டியைக் காலை 9க்கும் மாலை 4.30க்கும் திறக்கிறார்கள். நான் போகும் நேரம் காலை 5.15, வரும் நேரம் மாலை 5.40.

மே 13, திங்கள்

பதிவுத் தபாலில் அனுப்புவதுதான் சரி. சாதாரணத் தபால் என்றால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. போஸ்ட் ஆபீஸ் 10 மணிக்குத்தான் திறக்கும். ஒரு நாள் அனுமதி வாங்க வேண்டும்.

மே 20, திங்கள்

இன்று காளீஸ்வரியை வரதராஜ் வரவழைத்திருந்தார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு காசோலை. கருணைத் தொகை. ஒரு தாள், தமிழில் டைப் செய்தது. மூன்றாவது பத்தியில், இந்த மரணம் தொடர்பாக எந்த அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் செய்ய மாட்டேன் என்று இருந்தது. நாலாவது பத்தியில், நிர்வாகம் கருணை அடிப்படையில் பேக்கிங் பிரிவில் வேலை தருகிறது, ஜூலை ஒன்று முதல்.

அவள் வழக்கம்போல முழுதும் படித்தாள். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது.

"சார், இ.எஸ்.ஐ.ல குடுத்த மனு?"

"அது அவங்க பாத்துச் சொல்வாங்க. அது பாட்டுக்கு அது. இது நாங்களா மனசு வந்து செய்றதும்மா. சட்டத்துல கிடையாது. நாளைக்கே டைரக்டர் போர்டு வேண்டாம்னுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"இன்னைக்கே போடணுமா?"

"வீட்டுல எத்தனை பேரு சம்பாதிக்கிறீங்க?" என்றார் வரதராஜ். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, போடலாமா?"

அந்த மாதிரித் தாள் சட்டத்தின் முன் நிற்காது. இ.எஸ்.ஐ. உரிமையை யாரும் எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. இடது பலகையில் அது இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். கைப்பை என் மடியில் இருந்தது.

"உன் இஷ்டம்மா" என்றேன்.

போட்டாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

ஜூன் 3, திங்கள்

இ.எஸ்.ஐ. உத்தரவு வந்தது. நகல் மில்லுக்கும். மரணம் வேலையின் காரணமாகவோ வேலைக்கு வரும் வழியிலோ நேர்ந்ததாக நிறுவப்படவில்லை. சார்ந்தோர் உதவித்தொகை மறுக்கப்படுகிறது. காரணங்களில் இரண்டாவது: 'டைம் கீப்பரின் எழுத்து மூலமான வாக்குமூலம்.'

வரதராஜ் எல்லோருக்கும் டீயும் வடையும் சொன்னார். வேறு காரணம். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

அனுமதி போட்டுவிட்டுக் கிளை அலுவலகத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். 11.30க்கு உள்ளே விட்டார்கள். மெஹருன்னிஸா மேடம் அடையாளம் கண்டுகொண்டார். உறையைக் கொடுத்தேன். பிரித்து இரண்டு முறை படித்தார்.

"தேதி மே ஆறுன்னு போட்டிருக்கு."

"அன்னைக்கு எழுதினது மேடம்."

"இன்னைக்கு ஜூன் ஆறு."

"ஆமா மேடம்."

ஏப்ரல் வாக்குமூலத்தை ஃபைலிலிருந்து எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்து. மஸ்டரும் அதே கையெழுத்து. நான் எதை நம்பணும் சார்?"

"கடைசியா எழுதினதை."

"அன்னைக்கே எனக்குத் தெரியும், நீங்க சொல்றது சரியில்லைன்னு. அந்தப் பொண்ணு சொன்ன சோத்து வாளிதான் சரி. ஆனா நான் நினைக்கிறத எழுத முடியாது. தாள்ல இருக்கிறதத்தான் எழுத முடியும். தாள் எல்லாம் உங்களுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உத்தரவு போயிருச்சு. இனி என் கையில இல்ல. காப்பீட்டு நீதிமன்றத்துக்கு அந்தப் பொண்ணு போகணும். நீங்க கூண்டுல ஏறி இதச் சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்வேன் மேடம்."

"எப்ப?"

"ஆகஸ்டுக்கு அப்புறம்னா எனக்கு வசதி."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் ஆகஸ்டு என்று கேட்கவில்லை. இந்த அலுவலகத்துக்கு எனக்கு முன்னும் என்னைப் போன்றவர்கள் வந்திருக்க வேண்டும்.

"இதை வாங்கிக்கிட்டேன்னு முத்திரை போட்டா, நகல் உங்க நிர்வாகத்துக்குப் போகும். அதுதான் முறை. போடட்டுமா?"

வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம் கேட்டது. பதினேழு, பதினெட்டு. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கடிதத்தை மடித்து அதே உறையில் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 9, ஞாயிறு

காளீஸ்வரி வீட்டுக்குப் போனேன். வாசலில் குழந்தை வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "அம்மா, மில்லு தாத்தா" என்றது. எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன். மே 20ஆம் தேதித் தாள் செல்லாது என்றும் சொன்னேன். இலவசச் சட்ட உதவி மையத்தின் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

"செல்லாதுன்னு அன்னைக்கே தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்."

"பக்கத்துலதான உக்காந்திருந்தீக."

குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தது. உள்ளே போகச் சொன்னாள்.

"கோர்ட்டுல வந்து சொல்வீகளா? போன் பண்ணினேன்னு?"

"சொல்வேன். ஆகஸ்டு மாசத்துக்கு அப்புறம்."

"எனக்கு ஜூலை ஒண்ணுல வேலை. கோர்ட்டுக்குப் போனா வேலை இல்லன்னு சார் சொல்லிட்டாரு. கேஸ் எத்தனை வருஷம் நடக்கும்?"

"மூணு, நாலு ஆகலாம்."

"அது வரைக்கும் நாங்க என்னத்தச் சாப்பிட?" கோபமாகக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பது போலக் கேட்டாள். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா மாசாமாசம் வந்திருக்கும். யார் கையையும் பாக்க வேண்டியிருந்திருக்காது. இப்ப அந்த மில்லுக்கே நான் போகணும். அந்த விலக்கு வழியா."

துண்டுச் சீட்டை வாங்கி, படித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை.

ஜூன் 17, திங்கள்

பணிக்கொடைக்கான பாரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நியமனதாரர்: லோகநாயகி, மனைவி. அவளிடம் காட்டக் கொண்டுபோனேன். அடுப்பில் வேலையாக இருக்கிறேன், மேஜையில் வையுங்கள் என்றாள். இரண்டு நாளாகத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஜூன் 28, வெள்ளி

கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து பீரோவில் வைத்தேன். பையில் உறை கசங்குகிறது.

ஜூலை 1, திங்கள்

காளீஸ்வரி 8.10க்கு வந்தாள். ஜெனரல் ஷிப்ட், பேக்கிங் பிரிவு. டோக்கன் 631. புதிய ஆள் சேர்க்கைப் பாரங்களை நிரப்பினேன். பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், திருமணமானவரா. அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்தினேன். "எழுதுங்க அண்ணாச்சி, விதவைன்னு" என்றாள். இ.எஸ்.ஐ. நியமனதாரர்: மகள், வயது 7, காப்பாளர் இல்லை.

"வார ஓய்வு என்னைக்கு வேணும்? பேக்கிங்ல ஞாயிறும் வியாழனும்தான் காலியா இருக்கு."

"ஞாயிறு. பாப்பாவுக்கு அன்னைக்குத்தான் லீவு."

எழுதினேன்.

"ஞாயித்துக்கிழமை போன் வந்தா நான் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். "யார் கூப்பிட்டாலும். இப்பவே சொல்லிட்டேன்."

"நான் இந்த மாசத்தோட போயிருவேம்மா."

"அப்ப அடுத்து வர்றவருகிட்டச் சொல்லிட்டுப் போங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் நகரவில்லை. சுவர் மேலே இருந்த பலகைகளைப் பார்க்கவும் இல்லை. "எழுதி வைங்க" என்றாள்.

ஒரு தாளை எடுத்து எழுதினேன். டோக்கன் 631, வார ஓய்வு ஞாயிறு, அன்று அழைக்கக் கூடாது. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அவள் குனிந்து படித்தாள்.

முதல் நாள் என்பதால் அவளுடைய கார்டை எடுத்துக்கொண்டு நேரம் அடிக்கும் மெஷின் பக்கம் போனேன். என் கையிலிருந்து அதை வாங்கி அவளே அடித்தாள். 8.24.